போர் தொடங்கும் பொழுதறிதல்

(தியன் பியன் பூ முற்றுகை பற்றி ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மறம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் கண்முன் தோன்றுவது பாய்ந்து செல்லும் படையே. குதிரை மேலிருந்து வாளுயர்த்தி, முன்னேறுங்கள் என்று முழங்கும் தலைவனுக்கு உலகெங்கும் சிலைகள் உண்டு. நில்லுங்கள், திரும்புங்கள், இத்தனை நாள் இழுத்து வந்த பீரங்கிகளை வந்த வழியே மீண்டும் இழுத்துச் செல்லுங்கள் என்று ஆணையிட்டவனுக்குச் சிலை வடிப்பார் அரியர். ஆயினும், இருபதாம் நூற்றாண்டில் அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு நாடு, தன்னை ஆண்ட பேரரசின் படையை நேருக்கு நேர் களத்தில் முறியடித்துக் கூண்டோடு சிறைபிடித்த பெருநிகழ்ச்சி, இந்த இரண்டாம் வகை ஆணையிலிருந்தே பிறந்தது. அவ்வாணை பிறந்த நாள் 1954 சனவரி 26. இடம் வியத்நாமின் வடமேற்கு மலைக்காடு. ஆணையிட்டவர் வோ நுகுயென் கியாப்.

திருவள்ளுவப் பெருந்தகை படைச்செருக்கைப் பாடியது எழுபத்தெட்டாம் அதிகாரத்தில். அதற்கு முப்பது அதிகாரங்கள் முன்னதாகவே வலியறிதல், காலம் அறிதல், இடன் அறிதல் என்னும் மூன்றையும் 48, 49, 50 என அடுத்தடுத்து நிறுத்திவிட்டார். இவ்வைப்பு முறையைப் பலரும் ஊன்றி நோக்குவதில்லை. முன்னவை மூன்றும் வேந்தனுக்குக் கூறப்பட்டவை. செருக்கு படைஞனுக்குக் கூறப்பட்டது. படைஞன் செருக்கோடு இருத்தல் வேண்டும். அவனை ஏவுவோன் அச்செருக்கால் ஏவப்படுதல் ஆகாது. செய்யப்புகும் செயலின் அருமை, தன் ஆற்றல், பகைவனது ஆற்றல், இரு திறத்தாருக்கும் துணையாவாரது ஆற்றல் ஆகிய நான்கையும் நிறுத்துப் பார்க்கும் கடமை அவனுடையது. அந்நான்கையும் ஒருவர் பிழையாக நிறுத்ததும், மற்றொருவர் பிழையாக நிறுக்கத் தொடங்கிக் கடைசி இரவில் திருத்திக்கொண்டதுமே தியன் பியன் பூவின் கதை.

முதலில் இடத்தைப் பார்ப்போமாக. இலாவோசு நாட்டு எல்லையை ஒட்டி, நாற்புறமும் மலை சூழக் கிடக்கும் ஒரு நீண்ட வயல்வெளி அது. வடக்கு தெற்காக ஏறத்தாழ 18 கிலோமீட்டர்; அகலம் ஆறு முதல் எட்டுக் கிலோமீட்டர். தலைநகராகிய அனோயிலிருந்து வான்வழியே 300 கிலோமீட்டர் தொலைவு. வெளியின் நடுவே ஒரு சிற்றாறும் பழைய வானூர்தித் தளம் ஒன்றும் இருந்தன. 1953 நவம்பர் 20 ஆம் நாள் பிரஞ்சுப் படைஞர் குடைமிதவைகளில் அங்கே குதித்தனர். இந்தோசீனாவின் பிரஞ்சுப் படைமுதல்வர் ஆன்றி நவார் என்பாரின் திட்டம் அது. இலாவோசுக்குச் செல்லும் வழியை அடைப்பது ஒரு நோக்கம். காட்டுக்குள் மறைந்து மறைந்து தாக்கும் வியத்துமின் படையை வெளிக்குக் கொணர்ந்து, ஓரிடத்தில் நிறுத்தி நொறுக்குவது மற்றொரு நோக்கம்.

நவார் போர்க்கலை அறியாதவர் அல்லர். அவர் கணக்குக்கு ஒரு முன்னடிப்படை இருந்தது. 1952 இன் இறுதியில் நா சான் என்னும் மலையிடத்தில் பிரஞ்சியர் இதே போன்ற ஓர் அரணை அமைத்திருந்தனர். வானூர்தியால் உணவும் குண்டும் வந்தன. கியாபின் படை இரவில் மோதியது. பெருத்த இழப்போடு திரும்பியது. ஓரிடத்தில் வென்ற முறை வேறோரிடத்திலும் வெல்லும் என்று பிரஞ்சியர் நம்பினர். நா சானில் சூழ்ந்திருந்த குன்றுகள் அவர்கள் கையில் இருந்தன என்பதையும், அன்று பகைவரிடம் பெரும்பீரங்கி இல்லை என்பதையும் அந்நம்பிக்கை மறைத்துவிட்டது. தியன் பியன் பூவில் பள்ளத்தின் நடுவே பிரஞ்சியர் அமர்ந்தனர். சூழ்ந்த மலைமுகடுகளை அப்படியே விட்டுவிட்டனர். தோல்வி கற்பிக்கும், வெற்றி சில வேளைகளில் கண்ணைக் கட்டிவிடும்.

பீரங்கி அம்மலைக்கு வாராது என்பதற்குப் பிரஞ்சியர் கூறிய கரணியமும் மேலோட்டமானதன்று. வழியில்லாக் காடு, வந்தாலும் மலையின் பின்சரிவில் மறைத்து வைத்தால் குண்டு வெளியின் நடுப்பகுதியை எட்டாது, முன்சரிவில் வைத்தாலோ முதற்குண்டு வெடித்த மறுநொடியே புகை காட்டிக்கொடுத்துவிடும், பிரஞ்சுப் பீரங்கிகள் அதனை அழித்துவிடும். பீரங்கிப் பகுதியின் தலைவராகிய சார்ல் பிரோ, ஒரு கையை இழந்த பழம்படைஞர், இதனை வந்து பார்த்தோர் அனைவருக்கும் உறுதியாகக் கூறினார். தம் பீரங்கிகளை நாற்புறமும் திருப்பிச் சுடும் வகையில் திறந்த குழிகளிலேயே வைத்தார். களத்தலைவராகிய தெ காசுத்திரீயும் அதை ஏற்றார்.

இனி மறுபுறம். கியாப் 1911 இல் பிறந்தவர். படைக்கல்லூரி எதிலும் பயின்றவரல்லர். அனோயில் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு கற்பித்த ஆசிரியர். அவருடைய முதல் மனைவி பிரஞ்சியர் சிறையில் உயிர் துறந்தார். 1944 திசம்பரில் 34 பேரைக் கொண்டு அவர் தொடங்கிய சிறு குழுவே பின்னர்ப் பெரும்படையாயிற்று. அவர் சார்ந்த பொதுவுடைமைக் கொள்கையிலும், அவர்தம் ஆட்சி பின்னாளில் செய்தவற்றிலும் கருத்து வேறுபடுவோர் பலர் உளர். இங்கே எடுத்துக்கொண்ட பொருள் படைத்தலைமை ஒன்றே.

அத்தலைமை தொடக்கத்திலேயே முதிர்ந்திருந்ததாக எண்ணிவிடல் ஆகாது. 1950 இல் சீன எல்லையோரத்துப் பிரஞ்சு அரண்களை வென்ற களிப்பில், 1951 சனவரியில் செவ்வாற்றுச் சமவெளிக்கு இறங்கி, விஞ் யென் என்னுமிடத்தில் பகலொளியில் அலையலையாகப் படையை ஏவினார் கியாப். பிரஞ்சுப் படைமுதல்வர் தெ லாத்தர் வானூர்திகளிலிருந்து நேபாம் என்னும் எரிகுழம்புக் குண்டுகளைப் பொழிவித்தார். பல ஆயிரவர் மாண்டனர். அவ்வாண்டே மேலும் இரு முறை சமவெளியில் மோதி இரு முறையும் தோற்றார். பிறகு நா சான். ஆகவே, 1954 சனவரியில் தியன் பியன் பூ மலையேறிய கியாப், திறந்த வெளியில் வலிய பகைவனை மோதினால் என்ன நேரும் என்பதைத் தம் படைஞரின் உயிரால் கற்றிருந்தவர்.

புறப்படுமுன் அவர் நாட்டுத் தலைவராகிய ஓ சி மின் அவர்களைக் கண்டார். களம் மிகத் தொலைவு; கலந்து பேச வழியில்லை. முழு உரிமையையும் கியாபிடம் ஒப்படைத்த ஓ சி மின், வெற்றி உறுதியானால் போரிடுக, உறுதியில்லையெனில் போரிடற்க என்னும் கருத்தில் அறிவுரை கூறினார். தலைநகரில் அமர்ந்திருப்போர் களத்தில் நிற்போனுக்கு நாளும் பொழுதும் குறித்துக் கொடுக்கும் வழக்கம் எத்தனையோ படைகளைக் கொன்றிருக்கிறது. வெல்லும் உரிமையோடு, போரிடாமல் இருக்கும் உரிமையையும் ஓ சி மின் கியாபுக்கு அளித்தார்.

சனவரி 12 ஆம் நாள் கியாப் களத்தை அடைந்தபோது திட்டம் அங்கே முன்னதாகவே ஆயத்தமாக இருந்தது. முன்சென்ற படைத்துறை அலுவலரும் சீன அறிவுரைஞர் குழுவும் அமைத்த திட்டம். விரைந்து தாக்கி விரைந்து வெல்வது அதன் பெயர். எல்லாத் திசையிலும் ஒரே வேளையில் நுழைந்து, மூன்று இரவு இரண்டு பகலில் அரணை விழுங்கிவிட வேண்டும். நெஞ்சில் ஐயம் எழுந்தும் கியாப் உடனே அதை மறுக்கவில்லை. மறுப்பதற்குரிய சான்று கையில் இல்லை. அத்திட்டத்தார் பக்கமும் கரணியம் இருந்தது. பிரஞ்சியர் ஒவ்வொரு நாளும் அரணை வலுவாக்கிக்கொண்டிருந்தனர். காலம் நீண்டால் மலைவழியே படைக்குச் சோறு ஊட்டுவது எப்படி? மழைக்காலம் வந்தால் வழிகள் என்னாகும்? விரைவும் ஒரு வலிமை அன்றோ?

பீரங்கிகளைக் கையாலேயே இழுக்கத் தொடங்கினர். 105 மில்லிமீட்டர்ப் பீரங்கி ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடை. வானூர்தி எதிர்ப்புப் பீரங்கிகளும் அவ்வாறே. இயந்திர வண்டியின் இரைச்சல் பகைவனுக்குக் கேட்கும் என்பதால், புதிதாக வெட்டிய மலைவழியில் பெருங்கயிறு கட்டி, இரவில் நூறு பேர் ஒரு பீரங்கியை அங்குலம் அங்குலமாக இழுத்தனர். குறித்த நாள் சனவரி 20. பீரங்கி வந்து சேராமையால் அது 25 ஆயிற்று. படைஞன் ஒருவன் பகைவரிடம் அகப்பட்டான். தாக்கும் நாள் வெளிப்பட்டிருக்கக் கூடும் என்று மேலும் ஒரு நாள் தள்ளினர். 26 ஆம் நாள் மாலை தாக்குதல்.

இதற்கிடையே, பீரங்கிப் பகுதியைப் பார்வையிட்டு வந்த பாம் கியத்து என்னும் அலுவலர் தொலைபேசியில் கியாபை அழைத்தார். பீரங்கிகள் பெரும்பாலும் திறந்தவெளியில் நிற்கின்றன. பகைவனின் வானூர்தியும் பீரங்கியும் அவற்றை எளிதில் அழித்துவிடும். இன்னும் சில நிலைக்கு வந்து சேரவேயில்லை என்றார். திட்டத்தைப் பற்றி வெளிப்படையாக ஐயம் கூறிய முதல்வர் அவரே என்று கியாப் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். கீழுள்ளவன் உண்மையைச் சொல்லத் துணிவதும், மேலுள்ளவன் அதைச் செவிமடுப்பதும் எளிதில் வாய்ப்பதன்று.

25 ஆம் நாள் இரவு கியாப் உறங்கவில்லை. தலை பிளக்கும் வலி; மருத்துவர் நெற்றியில் பச்சிலை வைத்துக் கட்டினார். அவர் உள்ளத்தில் நின்றவை மூன்று தடைகள். அவருடைய படை, அரணமைத்த பகைவனுள் ஒரு பட்டாளத்துக்கு மேற்பட்ட வலிமையை ஒரே போரில் அழித்ததில்லை. இங்கிருப்பவையோ பன்னிரண்டு பட்டாளங்களை எட்டும். காலாட்படையும் பெரும்பீரங்கியும் இவ்வளவு பெரிய அளவில் இணைந்து போரிடுவது இதுவே முதன்முறை. ஒத்திகை கூட நடக்கவில்லை. ஒருங்கிணைக்கத் தெரியாமல் பீரங்கிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளுமாறு கேட்ட படைப்பகுதித் தலைவரும் உண்டு. மூன்றாவது, அவருடைய படைஞர் இரவிலும் மறைவிலும் போரிட்டுப் பழகியவர். பகலில், பதின்மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் திறந்த வயலில், வானூர்தியும் தகரியும் உடைய பகைவனோடு தொடர்ந்து பொருத பழக்கம் அவர்க்கில்லை. மூன்று இரவும் இரண்டு பகலும் என்னும் கணக்கில் இரவுகளை விட அந்த இரண்டு பகல்களே அவரை அச்சுறுத்தின.

விடியற்காலையில் சீன அறிவுரைஞர் குழுத் தலைவர் வெய் குவோசிங் கியாபின் நெற்றிக் கட்டைக் கண்டு உடல்நலம் வினவினார். கியாப் தம் முடிவைக் கூறினார். சற்று நேரம் எண்ணிப் பார்த்த வெய் இசைந்தார். (முறையை மாற்றும் கருத்து சீனத் தரப்பிலிருந்தும் எழுந்ததென்று சீன நூல்கள் கூறும். இருப்பினும், ஆணைக்குப் பொறுப்பேற்றவர் கியாபே.) அடுத்துக் களத்தின் தலைமைக் குழு கூடியது. அங்கேதான் கடும் எதிர்ப்பு. படைஞர் எழுச்சியோடு உள்ளனர். இத்தனை நாள் போருக்கென்று அவர்களை ஏற்றிவிட்டு இப்பொழுது திரும்பு என்றால் என்ன விடை கூறுவது? உள்ளம் உடைந்துவிடாதா? முடிவு ஏற்படாமல் கூட்டம் இடையில் நின்றது, மீண்டும் கூடியது. ஓ சி மின் கூறியதை நினைவூட்டிய கியாப், இப்போரில் நூற்றுக்கு நூறு வெற்றி உறுதி என்று எவரேனும் கூற முடியுமா என வினவினார். எவரும் கூறவில்லை.

அவையில் எழுந்த அந்த எதிர்ப்பை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. படையின் எழுச்சி ஒரு பெரும் பொருள்; அதை வீணாக்கிய தலைவன் மீண்டும் அதைப் பெறுவது அரிது. ஆயினும், எழுச்சி குறையும் என்பதற்காகப் போரிடுவது, பசி மறக்கும் என்பதற்காக நஞ்சுண்பதைப் போன்றது. விஞ் யென்னிலும் எழுச்சி குறைவாக இருந்ததில்லை.

தாக்குதல் நிறுத்தப்பட்டது. விரைந்து தாக்குதல் என்பது உறுதியாகத் தாக்கி உறுதியாக முன்னேறுதல் என்று மாறிற்று. தம் வாழ்நாளில் மேற்கொண்ட முடிவுகளுள் மிகக் கடினமானது அதுவே என்று கியாப் பலமுறை கூறியிருக்கிறார். அப்பொழுது அவருக்கு அகவை 42.

ஆணை பிறந்தது ஓர் அறையில்; அதன் சுமை விழுந்தது மலைச்சரிவில். ஏற்றியதை விட இறக்குவது கொடிது. இறக்கத்தில் பீரங்கியின் எடை முழுதும் கயிற்றைப் பிடித்தவர் கையில் தங்கும். பிரஞ்சுப் பீரங்கிகள் இடையிடையே மலையைச் சுட்டுக்கொண்டிருந்தன. 1954 பிப்பிரவரி 1 ஆம் நாள் இரவு ஒரு வானூர்தி எதிர்ப்புப் பீரங்கியின் கயிறு அறுந்தது; பள்ளத்தை நோக்கி அது உருளத் தொடங்கியது. தோ விஞ் தியன் என்னும் படைஞர் தம் உடலையே உருளையின் அடியில் தடையாக இட்டார். பீரங்கி நின்றது; அவர் இறந்தார். பீரங்கி இழுத்த அந்த நாள்களிலேயே உவாங் வான் என்னும் இளம் இசைஞர் அமைத்த பீரங்கி இழுக்கும் பாட்டு இன்றும் அந்நாட்டில் பாடப்படுகிறது. படகு இழுப்போரும் மரம் இழுப்போரும் மூச்சுக்கு மூச்சு எழுப்பும் ஏலேலோ ஓசையை ஒத்த நாட்டுப்புற மெட்டு அது. ஏன் இழுத்தோம், ஏன் திரும்ப இழுக்கிறோம் என்பது அப்பாட்டைப் பாடியவர்களுள் பெரும்பாலோருக்கு அன்று முழுமையாகத் தெரியாது.

அன்றே மற்றொரு செயலும் நடந்தது. 308 ஆம் எண் கொண்ட படைப்பிரிவை மேற்கே இலாவோசு நோக்கி வெளிப்படையாக ஏவினார் கியாப். பகைவனின் வானூர்திகள் அதன் பின்னே சென்றன. பீரங்கி பின்வாங்கும் மலைவழி மறைந்து நின்றது. தியன் பியன் பூவைத் தாக்கும் எண்ணத்தைக் கியாப் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணமும் பிரஞ்சியரிடையே தோன்றலாயிற்று. பின்வாங்கலும் போரின் ஒரு பகுதியே என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டுவதில்லை.

இனி, எவ்வாறு போரிட்டார் என்பது. சனவரி 26 க்கும் மார்ச்சு 13 க்கும் இடையே ஆறரைக் கிழமை. அந்த ஆறரைக் கிழமையே போரின் உயிர்ப்பகுதி. பின்வந்த 56 நாளும் அதன் விளைச்சல். பீரங்கிகளுக்கு மலையின் முன்சரிவில் ஆழமான குடைவுகள் தோண்டினர். மேலே பல அடி மண்ணும் மரமும். சுடுவதற்கு மட்டும் ஒரு சிறு வாய். பிரோவின் கணக்கு பிழைத்தது இங்கேதான். முன்சரிவில் வைத்தால் அழித்துவிடலாம் என்றார் அவர். மலைக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன செய்வது என்று எண்ணவில்லை. வேறிடங்களில் மரத்தால் செய்த பொய்ப் பீரங்கிகளை நிறுத்தி வெடிமருந்தால் புகை எழுப்பினர். பகைவனின் குண்டுகள் மரக்கட்டைகளைச் சுட்டு வீணாயின.

உணவுச் சிக்கலுக்கு விடையளித்தவர் மக்கள். இரண்டரை நூறாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களும் பெண்களும் சுமை தூக்கினர், வழி வெட்டினர், குண்டு விழுந்த குழிகளை அவ்விரவே நிரப்பினர். சரக்குந்துகளோடு 20,000 மிதிவண்டிகளும் உழைத்தன. அவற்றுட் பல பிரான்சு நாட்டிலேயே செய்யப்பெற்றவை. கைப்பிடியை மூங்கிலால் நீட்டி, இருக்கைத் தண்டில் ஒரு கம்பு செருகி, சட்டத்தின் இருபுறமும் மூட்டை கட்டி, ஏறாமல் பக்கத்தில் நடந்து தள்ளினர். ஒரு வண்டி 200 கிலோவுக்கு மேல் சுமந்தது. ஒருவன் தோளில் சுமப்பதைப் போலப் பன்மடங்கு அது. தள்ளிச் செல்வோனும் வழியெல்லாம் உண்ண வேண்டுமே! அவன் உண்டது போக எஞ்சியதே படைக்கு என்பதை எண்ணினால்தான் இந்த மிதிவண்டிக் கணக்கின் அருமை விளங்கும்.

துணைவலியையும் சொல்ல வேண்டும். பிரான்சின் போர்ச்செலவில் பெரும்பகுதியை அந்நாளில் அமெரிக்கா ஏற்றது. வியத்துமின் படைக்குப் பீரங்கியும் குண்டும் சரக்குந்தும் சீனாவிலிருந்து வந்தன. 1953 சூலையில் கொரியப் போர் நின்றதனால் சீனத்தின் கை ஓய்வு பெற்றது. தனித்து நின்ற ஏழை உழவர் கூட்டம் பேரரசை வென்றது என்று மட்டும் பாடுவோர், சீனத்துத் துணையை விட்டுவிடுகின்றனர். நவாரோ அத்துணையின் வளர்ச்சியைக் குறைத்து எடைபோட்டார். இரண்டும் பிழையே.

1954 மார்ச்சு 13 மாலை ஐந்து மணி. பிரஞ்சியர் பெயாத்திரீசு என்றும் வியத்நாமியர் இம் லாம் என்றும் அழைத்த வடகிழக்குக் குன்றின் மேல் பீரங்கிகள் ஒருசேர முழங்கின. எல்லாத் திசையிலும் ஒரே வேளை நுழைவது என்னும் பழைய திட்டத்துக்கு மாறாக, ஒரு குன்று, ஒரு பட்டாளம்; அதன் மேல் பல மடங்கு வலிமை. கரும்பைக் கணுக்கணுவாக வெட்டுவதைப் போன்ற முறை. அக்குன்று அன்றிரவே வீழ்ந்தது. 15 ஆம் நாள் காலையில் வடக்குக் குன்று வீழ்ந்தது. 17 இல் மூன்றாம் அரணும் கைமாறிற்று. மலைக்குள்ளிருந்து வந்த குண்டுகளை எந்தப் பிரஞ்சுப் பீரங்கியாலும் அடக்க முடியவில்லை. மூன்றாம் விடியலுக்குள் பிரோ தம் காப்பறையில் கைக்குண்டை வெடித்து உயிரை மாய்த்துக்கொண்டார். பகைவனை இகழ்ந்ததற்கு அவர் தந்த விலையை எண்ணும்போது, எள்ளி நகைக்கத் தோன்றவில்லை. தம் சொல்லுக்குத் தாமே பொறுப்பேற்ற அவரைக் காட்டிலும், அச்சொல்லைக் கேட்டுத் தலையாட்டிய மேலோர் பலர் நெடுங்காலம் வாழ்ந்தனர்.

மார்ச்சு இறுதியில் வானூர்தித் தளம் பயனற்றுப் போயிற்று. இடன் அறிதலின் முழுப்பொருள் அப்பொழுதுதான் பிரஞ்சியருக்கு விளங்கியிருக்கும். வானூர்தி இறங்கும்வரை அது அரண். இறங்காத நாள் முதல் அது குழி. காயமுற்றோரை வெளியேற்றவும் வழியில்லை. ஏப்பிரலில் மழை தொடங்கி அகழிகளில் நீர் நிரம்பியது.

ஆயினும் முற்றுகையிட்டோர் பாதையும் பூப்பாதையன்று. மார்ச்சு 30 ஆம் நாள் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், ஏ 1 என்று வியத்நாமியர் எண்ணிட்ட கிழக்குக் குன்று வீழ மறுத்தது. இரவில் ஏறினர், பகலில் தள்ளப்பட்டனர், மீண்டும் ஏறினர். பிணங்கள் குவிந்தன. படையினரிடையே சோர்வும் தோன்றியது. கியாப் மீண்டும் நிறுத்தினார். மேலே பாய்வதை விட்டு மண்ணுக்குள் இறங்கினர். நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அகழிகள் இரவிரவாக நெருங்கி நெருங்கிப் பிரஞ்சு அரணைக் கழுத்தில் சுருக்குப் போல இறுக்கின. தமிழ்ப் பொருளிலக்கணம் உழிஞை எனப் பிரித்துக் கூறும் முற்றுகைப் போர், மண்வெட்டியால் நடந்தது. ஏ 1 குன்றின் அடியில் சுரங்கம் தோண்டி, ஏறத்தாழ ஒரு டன் வெடிமருந்தை வைத்து, மே 6 ஆம் நாள் இரவு வெடிக்கச் செய்தனர். மறுநாள் மே 7 மாலை தெ காசுத்திரீயும் அவருடைய அலுவலரும் காப்பறையிலிருந்து வெளியே வந்தனர்.

பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். மறுநாள், மே 8 இல், செனீவா மாநாட்டில் இந்தோசீனா பற்றிய பேச்சு தொடங்கிற்று. பேச்சு மேடைக்கு வியத்நாமியர் எப்படிப்பட்ட கையோடு சென்றனர் என்பதை எண்ணிப் பார்த்தால், மூன்று நாளில் முடிக்க எண்ணியதை 56 நாளாக நீட்டியதும் வீணன்று என்பது தெரியும். சூலையில் உடன்படிக்கை எழுதப்பட்டது. பிரஞ்சு ஆட்சி அகன்றது. நாடு இரண்டாகப் பிரிந்து மற்றொரு நெடும்போருக்கு ஆளானது வேறு கதை.

வெற்றியின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. சிறைப்பட்டோருள் பெரும்பகுதியினர் நெடுநடையிலும் நோயிலும் பட்டினியிலும் மடிந்தோ வேறு வகையிலோ திரும்பாமற் போயினர். கியாப் தரப்பில் மாண்டோர் 4,000 பேருக்கு மேல் என்பது வியத்நாம் அரசின் கணக்கு; பிரஞ்சியர் மதிப்பீடு அதற்கு ஏறக்குறைய இருமடங்கு. பொழுதறிந்து தொடங்கிய போரிலேயே இத்தனை உயிர்! சனவரி 26 மாலை அத்திட்டப்படியே தாக்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. போர் மேலும் பத்தாண்டு நீண்டிருக்கும் என்று கியாபின் கீழிருந்த படைத்தலைவர்கள் பின்னாளில் கருதியதுண்டு.

கியாப் 102 அகவை வாழ்ந்து 2013 அத்தோபர் 4 ஆம் நாள் மறைந்தார். ஏ 1 குன்றின் அடியில் அப்போரில் மாண்டோரின் இடுகாடு ஒன்று உள்ளது. 600 க்கு மேற்பட்ட கல்லறைகள். பெரும்பாலானவற்றின் மேல் பெயர் இல்லை, எவருடையது எதுவென்று தெரியாமையால். பெயர் பொறித்த மிகச் சில கல்லறைகளுள் ஒன்று தோ விஞ் தியனுடையது. முதற்குண்டு வெடிப்பதற்கு நாற்பது நாள் முன்னரே, பீரங்கியைப் பின்னுக்கு இழுக்கையில் இறந்தவர் அவர்.